புரை நீங்கிய பின்னும் எஞ்சும் மங்கல்: கண்புரை அறுவையில் பார்வைச் சிதறலைத் திருத்துவது எப்படி

காவிரிப் படுகையில் கண்புரை அறுவைக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து, நெல் வீடு வந்து, தாளடியில் தெளித்த உளுந்து முளைத்துவிட்ட பிறகுதான் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமங்களில் பெரியவர்கள் தம் கண்ணைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள். கத்திரி வெயில் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ள, மாசி, பங்குனி மாதங்களில் முகாம்களிலும் கண் மருத்துவமனைகளிலும் கூட்டம் கூடுகிறது. இவர்களில் பெரும்பாலோர் மறுநாள் கட்டுப் பிரித்ததும் வெளிச்சத்தையும் நிறங்களையும் கண்டு மகிழ்கிறார்கள். ஆனால் ஒரு மாதம் கழிந்து மறுபரிசோதனைக்கு வரும்போது சிலர் ஒரு குறையைச் சொல்வதுண்டு: பால்போல் மறைத்த மூட்டம் போய்விட்டது, ஆனாலும் எழுத்து நிழலடிக்கிறது, பேருந்தின் பெயர்ப்பலகை ஒன்று இரண்டாகத் தெரிகிறது. அறுவை தவறிவிட்டதோ, வைத்த லென்ஸ் மட்டமானதோ என்று குடும்பத்தார் கலங்குகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இரண்டும் காரணமல்ல. புரை இருந்த இடம் வேறு, இந்த மங்கலுக்குக் காரணம் இருக்கும் இடம் வேறு.

கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் வேலையை இரண்டு உறுப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. முன்பக்கம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் கருவிழி அந்த வேலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் செய்கிறது. உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸ் மீதியைச் செய்கிறது. கண்புரை என்பது அந்த உள் லென்ஸ் கலங்கிப்போவது. அறுவையில் கலங்கிய லென்ஸ் அகற்றப்பட்டுச் செயற்கை லென்ஸ் வைக்கப்படுகிறது. கருவிழி அப்படியே இருக்கிறது. அந்தக் கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே அளவாக வளைந்திருந்தால் ஒளி ஒரு புள்ளியில் குவியும். பலருக்கு அப்படி இருப்பதில்லை. உரித்த தேங்காயைப் படுக்கவைத்துப் பார்த்தால் நீளவாக்கில் வளைவு குறைவாகவும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் இருப்பதைக் காணலாம். கருவிழியும் அதுபோல ஒரு திசையில் கூடுதலாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் வளைந்திருந்தால், ஒளி ஒரு புள்ளியில் சேராமல் முன்னும் பின்னுமாக இரு கோடுகளில் குவிகிறது. இதையே பார்வைச் சிதறல் என்றும் ஆஸ்டிக்மாட்டிசம் என்றும் சொல்கிறோம். கண்ணாடிக் கடைகளில் இதற்குச் சிலிண்டர் பவர் என்று பெயர். மருந்துச் சீட்டில் சிலிண்டர் அளவுக்குப் பக்கத்தில் அச்சு என்று 0 முதல் 180 வரையிலான ஓர் எண் எழுதியிருப்பார்களே, அது அந்த வளைவு எந்தத் திசையில் பிசகியிருக்கிறது என்பதைக் குறிக்கிறது.

தமிழ் எழுத்தைப் படிப்பவருக்கு இந்தக் குறை தனியாகவே உறுத்தும். சுழிகளை நம்பியது நம் எழுத்து. ஒரு திசைக் கோடுகள் மட்டும் மங்கிப் பக்கத்தில் நிழல் விழும்போது ன-வும் ண-வும் ஒன்றுபோலத் தோன்றுகின்றன, புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. 1 டயாப்டருக்கு (டயாப்டர் என்பது லென்ஸ் பவரின் அலகு) மேற்பட்ட சிதறல் திருத்தப்படாமல் இருந்தால் பரிசோதனைப் பலகையில் ஓரிரு வரிகளாவது குறைந்துவிடும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு ஒரு பக்கமாக நீண்டு தெரியும். கண்புரை அறுவைக்கு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த அளவோ அதற்கு மேலோ கருவிழிச் சிதறல் இருக்கிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த அளவீடுகள் காட்டியுள்ளன. ஆகவே இதை அரிதான கோளாறாகக் கருத முடியாது.

புரையும் சிதறலும் மருத்துவத்தில் நெடுங்காலம் தனித்தனியாகவே அறியப்பட்டிருந்தன. 1798இல் தஞ்சை அரியணை ஏறிய இரண்டாம் சரபோசி மன்னர் கண் மருத்துவத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். அவர் காலத்தில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் அவர்கள் கண்களின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. புரை நோய்க்கான சிகிச்சையும் அவற்றில் இடம்பெறுகிறது. அவர் பட்டமேறி மூன்று ஆண்டுகள் கழித்து, 1801இல், லண்டனில் தாமஸ் யங் என்ற மருத்துவர் தம் கண்ணையே ஆராய்ந்து, ஒளி அதில் இரு வேறு தூரங்களில் குவிவதைப் பதிவு செய்தார். யங் அதோடு நிற்கவில்லை. கண்ணைத் தண்ணீரில் அமிழ்த்திக் கருவிழியின் குவிக்கும் ஆற்றலை நீக்கிப் பார்த்தார். அப்போதும் சிதறல் அப்படியே இருந்தது. ஆகவே தம் குறை கருவிழியில் இல்லை, உள் லென்ஸில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார். 1825இல் வானியலாளர் ஜார்ஜ் ஏரி தம் இடக்கண்ணின் சிதறலுக்குச் சிலிண்டர் கண்ணாடி செய்வித்து அணிந்தார். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதல் உள்விழி லென்ஸை வைத்தபோது, அந்த நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வையும் அதோடு சிதறலும் எஞ்சின. புரையை அகற்றும்போதே சிதறலையும் திருத்தும் லென்ஸ், அதாவது டோரிக் லென்ஸ், பற்றிய முதல் அறிக்கையை 1994இல் ஜப்பானிய மருத்துவர் கிமியா ஷிமிசுவும் அவரது குழுவினரும் வெளியிட்டார்கள்.

யங் செய்த அந்தத் தண்ணீர்ச் சோதனையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. இன்றும் நோயாளிகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் குழப்பம் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. பழைய மூக்குக் கண்ணாடியின் சீட்டைக் கொண்டுவந்து, எனக்கு 2 சிலிண்டர் இருக்கிறது, ஆகவே டோரிக் லென்ஸ் வைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியில் எனக்குச் சிலிண்டரே இல்லையே, பிறகு ஏன் டோரிக் என்று ஐயப்படுபவர்களும் இருக்கிறார்கள். மூக்குக் கண்ணாடியின் சிலிண்டர் என்பது கருவிழியின் சிதறலும் உள் லென்ஸின் சிதறலும் சேர்ந்த கூட்டுத்தொகை. அறுவையில் உள் லென்ஸ் வெளியே வந்துவிடுகிறது. அதோடு அதன் பங்கும் போய்விடுகிறது. யங்கைப் போன்ற ஒருவருக்குச் சாதாரண லென்ஸ் வைத்தாலே சிதறல் மறைந்துவிடும். மாறாக, கருவிழியின் சிதறலை உள் லென்ஸின் எதிர்ச்சிதறல் இத்தனை நாள் சமன் செய்துவந்த ஒருவருக்கு, புரையோடு அந்தச் சமனும் போய்விட, அதுவரை இல்லாத சிலிண்டர் அறுவைக்குப் பின் புதிதாக வெளிப்படும். எனவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது கருவிழியின் அளவு மட்டுமே. அதை எடுக்கும் கருவி கெரட்டோமீட்டர்; அது தரும் எண்களைக் கண் மருத்துவமனைகளில் கே ரீடிங் என்கிறார்கள். மூக்குக் கண்ணாடிச் சீட்டைப் பார்த்து டோரிக் லென்ஸைப் பற்றி யாராவது பேசினால், அந்தப் பேச்சைக் கே ரீடிங் வரும்வரை ஒத்திவைப்பது நல்லது.

வயதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. இளமையில் பெரும்பாலோருக்குக் கருவிழி மேல்கீழ் வாக்கில் சற்றுக் கூடுதலாக வளைந்திருக்கும். வயது ஏற ஏற அது மெல்ல மாறி, பக்கவாட்டு வளைவு கூடுதலாகிவிடுகிறது. புரை அறுவைக்கு வரும் அறுபது, எழுபது வயதினரில் பலர் இந்த இரண்டாம் நிலையில் இருக்கிறார்கள், அறுவைக்குப் பிறகும் அந்த மாற்றம் தொடர்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. கெரட்டோமீட்டர் கருவிழியின் முன்பரப்பை, அதிலும் நடுவில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் பகுதியை மட்டுமே அளக்கிறது. கருவிழிக்குப் பின்பரப்பு என்று ஒன்று இருக்கிறது. அதன் சிதறல் சராசரியாக 0.3 டயாப்டர் என்று அமெரிக்காவின் டக்ளஸ் காக் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் 2012இல் காட்டினார்கள். அதன் விளைவு பெரும்பாலும் ஒரே திசையில் இருப்பதால், மேல்கீழ் வாக்கில் சிதறல் உள்ளவருக்குக் கருவி காட்டுவதைவிட உண்மை அளவு குறைவாகவும், பக்கவாட்டுச் சிதறல் உள்ளவருக்குக் கருவி காட்டுவதைவிட அதிகமாகவும் இருக்கிறது. சிறிய எண்தான். ஆனால் அதைக் கணக்கில் சேர்க்காத காலத்தில் முதல் வகையினருக்குத் திருத்தம் மிகுந்தும் இரண்டாம் வகையினருக்குக் குறைந்தும் போயிற்று. இன்றைய கணக்கீட்டு முறைகள் இதைச் சேர்த்தே முடிவைத் தருகின்றன.

இந்த எண்களெல்லாம் அளவெடுக்கும் நாளில் கருவிழி எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. இங்கேதான் காவிரிப் படுகையின் வாழ்க்கை கண்ணுக்குள் வருகிறது. வெயிலிலும் காற்றிலும் தூசியிலும் ஆண்டுக்கணக்கில் நின்று உழைத்தவர்களின் கண்ணில், மூக்கை ஒட்டிய வெள்ளைவிழியிலிருந்து ஒரு சதை கருவிழியை நோக்கி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். நடவாளிகள், கடலோரத்து மீனவர்கள், உப்பளத் தொழிலாளர்கள் ஆகியோரிடம் இது மிகுதி. அந்தச் சதை கருவிழியின் ஓரத்தில் ஏறியதும் பக்கவாட்டு வளைவைத் தட்டையாக்கிவிடுகிறது. சதையை அகற்றினால் அந்தத் தட்டை பெருமளவு மீண்டுவிடும். அதாவது, சதை இருக்கும்போது எடுத்த கே ரீடிங் சதையின் அளவையும் சேர்த்தே காட்டுகிறது. அந்த எண்ணை நம்பி லென்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகொரு நாள் சதையை அகற்றினால், லென்ஸின் பவர் கணக்கும் சிதறல் கணக்கும் பொய்த்துப்போகும். சதை கருவிழியில் குறிப்பிடத்தக்க அளவு ஏறியிருந்தால் முதலில் அதை அகற்றி, கருவிழி நிலைகொள்ள ஒன்றிரண்டு மாதமாவது காத்திருந்து, மறுபடி அளவெடுத்த பிறகே புரைக்குப் போக வேண்டும். நோயாளிக்கு இது இரண்டு தடவை அலைச்சல். வேலைக்காலம் நெருங்குகிறது, கூட வருவதற்கு ஆள் இல்லை என்று குடும்பத்தார் சொல்வது முற்றிலும் நியாயம். ஆயினும் இந்தக் காத்திருப்புக்கு மாற்று இல்லை; இதை அறுவடைக்கு முன்பே திட்டமிட்டால், மார்கழிக்குள் சதையை எடுத்துவிட்டுப் பங்குனியில் புரைக்கு வர முடியும்.

அடுத்தது பழைய காயம். கதிர் அடிக்கும்போது நெல் தெறித்தும், நெல்தாள் கீறியும், கரும்புத் தோகை அறுத்தும் கருவிழியில் புண் வருவது இந்தப் பகுதியில் புதிதல்ல. அந்தப் புண்ணில் பூஞ்சை தொற்றிவிட்டால் ஆறினாலும் தழும்பு விழும். கண்ணில் பூ விழுந்தது என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தழும்பு உள்ள கருவிழியின் வளைவு ஒழுங்கற்றது. கூடுதல் வளைவும் குறைந்த வளைவும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையாமல் இடத்துக்கு இடம் மாறுவதால், எந்தச் சிலிண்டர் லென்ஸாலும் அதை முழுமையாகச் சமன் செய்ய இயலாது. கெரட்டோமீட்டர் இந்தக் கண்ணிலும் இரண்டு எண்களைக் கொடுத்துவிடும் என்பதே இதிலுள்ள ஆபத்து. அந்த எண்களுக்குப் பொருளில்லை என்பது, கருவிழியின் பரப்பு முழுவதையும் வரைபடமாகக் காட்டும் டோபோகிராபி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். சிறுவயதில் கண்ணில் அடிபட்டதா, புண் வந்து மருந்து போட்டதா என்ற கேள்வியை அளவெடுப்பவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நோயாளியோ உடன் வந்தவரோ தாமே சொல்லிவிட வேண்டும்.

உலர்ந்த கண்ணும் அளவைக் கெடுக்கும். கருவி அளப்பது கருவிழியின் மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தின் பிரதிபலிப்பை. படலம் விட்டுவிட்டு இருந்தால் அதே கண்ணில் அடுத்தடுத்து எடுத்த அளவுகள்கூட ஒத்துவராது. முதிய பெண்களிடமும், நீரிழிவு உள்ளவர்களிடமும் இது அடிக்கடி நேர்கிறது. செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைச் சில வாரம் போட்டுக்கொண்டு மறுபடி வந்து அளவு கொடுப்பது நேரத்தை வீணாக்குவதாகாது. கண் அழுத்தம் பார்க்கக் கருவிழியைத் தொடும் சோதனையையும், மரத்துப்போகும் சொட்டு மருந்தையும் அளவெடுப்பதற்கு முன்னால் தவிர்ப்பது நல்ல பழக்கம். இரண்டு வேறு கருவிகளில் அளந்து, சிலிண்டரும் அச்சும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அதனினும் நல்லது.

இனி திருத்தும் வழிகள். இவற்றில் முதலாவதும் எளிமையானதும் வெட்டு எங்கே போடப்படுகிறது என்பது. கருவிழியிலோ அதன் ஓரத்திலோ ஒரு வெட்டு விழுந்தால், வெட்டு இருக்கும் திசையில் வளைவு குறைந்து, அதற்குச் செங்குத்தான திசையில் சற்றுக் கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு அறுவையும், அறுப்பவர் எண்ணினாலும் எண்ணாவிட்டாலும், சிதறலைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. ஒலியதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஃபேக்கோ முறையில் வெட்டு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர், அதன் பாதிப்பு பெரும்பாலும் அரை டயாப்டருக்குள் அடங்கிவிடும். முகாம்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் பெரும்பாலோருக்குச் செய்யப்படும் தையலில்லாச் சிறுவெட்டு முறையில் வெள்ளைவிழியில் 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சுரங்கம்போல் வெட்டுப் போடப்படுகிறது. முற்றி இறுகிய புரைக்கு இது மிகச் சிறந்த முறை, செலவும் குறைவு; ஃபேக்கோவுக்குத் தாழ்ந்தது என்று இதை ஒதுக்குவது தவறு. ஆனால் வெட்டு பெரிது என்பதால் சிதறலில் ஏற்படும் மாற்றமும் பெரிது.

பொதுவாக இந்த வெட்டைக் கண்ணின் மேற்புறத்தில் போடுகிறார்கள். மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து பழகியிருப்பதும், மேல் இமை வெட்டை மூடிக் காப்பதும் அதற்குக் காரணங்கள். மேற்புற வெட்டு மேல்கீழ் வளைவைத் தட்டையாக்கும். அப்போது பக்கவாட்டு வளைவு ஒப்பளவில் மேலும் ஓங்கும். வயதானவர்களில் பலருக்கு ஏற்கெனவே பக்கவாட்டு வளைவுதான் கூடுதல் என்று பார்த்தோம். அவர்களுக்கு மேற்புறத்தில் வெட்டுப் போட்டால், இருக்கும் சிதறலோடு இன்னொரு டயாப்டர் சேர்ந்துகொள்கிறது. அதே வெட்டைக் காதுப் பக்கத்துக்கு நகர்த்தினால் இந்தச் சேதாரம் தவிர்க்கப்படுவதோடு, இருக்கும் சிதறலும் சற்றுக் குறைகிறது. சிறுவெட்டு முறையில் மேற்புறம், மேற்புறமும் காதுப்பக்கமும் சேரும் மூலை, காதுப்பக்கம் ஆகிய மூன்று இடங்களையும் ஒப்பிட்டு இந்திய மருத்துவர்கள் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மேற்புற வெட்டு சராசரியாக 1.28 டயாப்டர் சிதறலை உண்டாக்கியது; மற்ற இரண்டும் 0.4 டயாப்டருக்குள் நின்றன. விலை உயர்ந்த லென்ஸ் இல்லை, புதிய கருவி இல்லை. நாற்காலியைத் தலைமாட்டிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்தியதில் கிடைத்த ஆதாயம் இது.

இந்தக் கட்டுரையில் நான் மிகுந்த அழுத்தத்துடன் சொல்ல விரும்புவது இதையே. பார்வைச் சிதறலைத் திருத்துவது பணம் கட்டுபவர்களுக்கான தனிச் சலுகை என்ற எண்ணம் நோயாளிகளிடம் மட்டுமின்றி மருத்துவமனைகளிடமும் படிந்துவிட்டது. முகாமில் வரும் ஒவ்வொருவருக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கே ரீடிங் எப்படியும் எடுக்கப்படுகிறது. அந்தச் சீட்டில் எந்தத் திசையில் வளைவு கூடுதல் என்பது ஏற்கெனவே எழுதியிருக்கிறது. அதைப் பவர் கணக்குக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு மடித்து வைக்காமல், வெட்டு எங்கே என்பதை முடிவு செய்யவும் பயன்படுத்தினால், இலவச அறுவை பெறும் ஒருவரின் சிதறலும் கணிசமாகக் குறையும். இதற்குப் பயிற்சி வேண்டும் என்பது உண்மை. காதுப்பக்கம் அமர்ந்து அறுவை செய்யக் கை பழக வேண்டும், நாள் ஒன்றுக்குப் பலருக்கு அறுவை நடக்கும் அரங்கில் ஆளுக்கு ஆள் இடம் மாற்றுவது எளிதல்ல, மேல் இமையின் காப்பு இல்லாத வெட்டைக் கவனமாக மூட வேண்டும். ஆயினும் செய்யக்கூடியதே என்பதை இந்திய மருத்துவர்களே காட்டியிருக்கிறார்கள்.

கருவிழியின் ஓரத்தில், கூடுதல் வளைவு உள்ள திசையில், பிறை வடிவில் ஒன்றிரண்டு தளர்த்தும் கீறல்களைப் போடுவது இன்னொரு வழி. லேசர் கொண்டும் இதைச் செய்கிறார்கள். ஒன்று, ஒன்றரை டயாப்டர் வரை உள்ள சிதறலுக்கு இது உதவும். ஆனால் புண் ஆறும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் விளைவைத் துல்லியமாக முன்னறிய முடிவதில்லை. டோரிக் லென்ஸ் பரவலான பிறகு இதன் இடம் சுருங்கிவிட்டது.

டோரிக் லென்ஸின் அமைப்பு எளிது. கருவிழி எந்தத் திசையில் எவ்வளவு கூடுதலாக வளைந்திருக்கிறதோ, அதைச் சமன் செய்யும் சிலிண்டர் பவர் லென்ஸுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. லென்ஸின் இரு ஓரங்களிலும் சிறு புள்ளிக் குறிகள் இருக்கும். அந்தக் குறிகளைக் கருவிழியின் கூடுதல் வளைவுத் திசையோடு பொருத்தி வைக்க வேண்டும். லென்ஸ் கருவிழிக்குப் பின்னால் உள்ளே இருப்பதால் அதன் மேல் அச்சிட்ட சிலிண்டர் எண் முழுவதும் கருவிழிக்கு வந்து சேராது, 1.50 என்று எழுதிய லென்ஸ் ஏறத்தாழ 1 டயாப்டர் கருவிழிச் சிதறலையே திருத்தும். இதனால் கருவிழிச் சிதறல் 1 டயாப்டருக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் டோரிக் தேவைப்படுவதில்லை, வெட்டின் இடத்தாலேயே சரிசெய்துவிடலாம்; 1.5-க்கு மேல் இருப்பவர்களுக்கு அதன் பயன் தெளிவானது. இடைப்பட்டவர்களுக்குத் திசையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்கிறார்.

பொருத்தத்தில் பிசகு வந்தால் பயன் விரைவாகக் குறைந்துவிடும். லென்ஸ் ஒரு டிகிரி திரும்பினால் திருத்தத்தில் ஏறத்தாழ 3.3 விழுக்காடு போய்விடும். 10 டிகிரி திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு போகும். 30 டிகிரியில் திருத்தம் ஒன்றுமே மிஞ்சாது, அதற்கு மேல் திரும்பினால் சிதறல் முன்பைவிட மோசமாகும். இதனால்தான் அறுவை அரங்குக்குப் போவதற்கு முன், நோயாளியை நிமிர்ந்து உட்காரவைத்துக் கருவிழி ஓரத்தில் மையால் குறியிடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவர் மல்லாந்து படுத்ததும் கண் தன் அச்சில் சற்றே சுழல்கிறது. சராசரியாக 2 முதல் 4 டிகிரி, சிலருக்கு இன்னும் அதிகம். படுத்த நிலையில் குறியிட்டால் அந்தப் பிசகு அப்படியே அறுவைக்குள் போய்விடும். குறியிடும் அந்த ஒரு நிமிடம் தலையைச் சாய்க்காமல், நேரே ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது நோயாளியின் பங்கு. கேள்வி கேட்கவும் பேச்சுக் கொடுக்கவும் அது நேரமல்ல. பெரிய மருத்துவமனைகளில் கண்ணின் இரத்தநாளங்களை முன்கூட்டியே படமெடுத்துக்கொண்டு, அறுவையின்போது நுண்ணோக்கியில் அச்சைக் காட்டும் கணினி முறைகள் வந்துவிட்டன. அவை இல்லாத இடத்திலும் மைக்குறியைக் கவனமாக இட்டால் நல்ல பலன் கிடைக்கிறது.

உள்ளே வைத்த லென்ஸ் திரும்பிவிடுவது பெரும்பாலும் அறுவை முடிந்த முதல் சில மணி நேரத்தில் நடக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் தங்கிவிட்ட கொழகொழப்பான மருந்து, கண் நீண்டு லென்ஸ் உறை (புரையை எடுத்த பின் செயற்கை லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை) பெரிதாக இருத்தல் ஆகியவை அதற்கான காரணங்களில் சில. கடுமையான கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து சற்றுக் கூடுதல். திரும்பியிருப்பது தெரிந்தால் உறை இறுகுவதற்கு முன், முதல் சில வாரங்களுக்குள், லென்ஸைச் சரியான அச்சுக்குத் திருப்பி வைத்துவிடலாம். எனவே டோரிக் வைத்துக்கொண்டவர் முதல் மறுபரிசோதனையைத் தவறவிடக் கூடாது. நன்றாகத்தான் தெரிகிறது, அடுத்த மாதம் போய்க்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், எளிதில் திருத்தக்கூடிய பிசகு கடினமான ஒன்றாக மாறிவிடும்.

எல்லாக் கண்ணும் டோரிக் லென்ஸைத் தாங்காது. தழும்பால் ஒழுங்கு கெட்ட கருவிழியைப் பற்றிச் சொல்லியாயிற்று. லென்ஸ் உறையைப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள் தளர்ந்திருந்தாலும் லென்ஸ் தன் அச்சில் நிற்காது. கண்மணியின் விளிம்பில் வெண்ணிறப் பொடிபோல் படியும் ஒரு நிலை தமிழ்நாட்டுக் கிராமத்து முதியவர்களிடம் காணப்படுகிறது. அவர்களுக்கு இந்த இழைகள் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அறுவையின் நடுவில் உறை கிழிந்துவிட்டால், டோரிக் வைப்பதாகத் திட்டமிட்டிருந்தாலும் சாதாரண லென்ஸையே வைக்க வேண்டியிருக்கும். அப்படி மாற்றிய மருத்துவரைக் குறைகூற வேண்டியதில்லை. இந்த வாய்ப்பையும், அப்போது கட்டணம் எப்படி மாறும் என்பதையும் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு நிம்மதி தரும்.

டோரிக்கையும் மல்டிஃபோக்கலையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதும் பரவலாக இருக்கிறது. டோரிக் சிதறலைத் திருத்துகிறது; கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி தேவைப்படும். மல்டிஃபோக்கல் தூரத்தையும் கிட்டத்தையும் காட்ட முயல்கிறது. சிதறலைத் திருத்துவது அதன் வேலை அல்ல, அரை டயாப்டர் அளவுக்குச் சிதறல் எஞ்சினாலே அதன் தெளிவு குறைந்துவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்த லென்ஸ்களும் உண்டு. விலைப்பட்டியலில் இவை மேலே மேலே அடுக்கியிருப்பதால், மேலே இருப்பது சிறந்தது என்ற தோற்றம் உண்டாகிறது. 2.5 டயாப்டர் கருவிழிச் சிதறல் உள்ள ஒருவருக்கு டோரிக் ஒரு தேவை. சிதறலே இல்லாதவருக்கு அதற்கு எந்தப் பயனும் இல்லை. இந்தியாவிலேயே தயாராகும் டோரிக் லென்ஸ்கள் வந்துவிட்ட நிலையில், கருவிழிச் சிதறல் மிகுந்தவர்களுக்காவது அரசுக் காப்பீட்டிலும் முகாம் திட்டங்களிலும் இதைச் சேர்ப்பது பற்றிப் பேச வேண்டிய காலம் வந்திருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இவை எதுவும் கிடைக்காதவருக்கு மூக்குக் கண்ணாடி இருக்கிறது; அது தாழ்வான தீர்வு அல்ல. அறுவைக்குப் பின் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வெட்டு ஆறிக் கருவிழி நிலைகொண்டதும் பவர் பார்த்துச் சிலிண்டரோடு கண்ணாடி எழுதித் தருவார்கள். சந்தையிலும் பேருந்து நிலையத்துக் கடைகளிலும் கிடைக்கும் ஆயத்தக் கண்ணாடிகளில் சிலிண்டர் இல்லை. அறுவை முடிந்த பெரியவருக்கு வெள்ளெழுத்துக்கு என்று அதில் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், எழுத்து பெரிதாகத் தெரியும், நிழல் மட்டும் போகாது. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ உள்ள எந்தக் கண்ணாடிக் கடையிலும் சீட்டைக் கொடுத்தால் சிலிண்டருடன் செய்து தருவார்கள், செலவும் பெரிதாகிவிடாது.

இரண்டாவது கண்ணுக்கு அறுவை செய்ய வேறு மருத்துவமனைக்குப் போவது இங்கே சகஜம். அப்போது முதல் கண்ணின் காகிதங்கள் உதவும். அறுவைக்கு முந்தைய கே ரீடிங், வைத்த லென்ஸின் பெயரும் பவரும் அச்சும் உள்ள அட்டை, வெட்டு எந்தப் பக்கம் என்ற குறிப்பு, ஒரு மாதம் கழித்து எழுதிய கண்ணாடிச் சீட்டு ஆகிய நான்கும் இருந்தால், அந்த வெட்டு அவருடைய கருவிழியை எவ்வளவு மாற்றியது என்று புதிய மருத்துவர் கணக்கிட முடியும். பலருக்கு இரு கண்களின் சிதறலும் இடவலமாக ஒன்றையொன்று ஒத்திருப்பதால், அந்தக் கணக்கு இரண்டாவது கண்ணில் வெட்டின் இடத்தையும் லென்ஸின் வகையையும் தீர்மானிக்க நேரடியாகப் பயன்படும்.